ஜெயிக்க யாருமில்லாத ஓட்டம்

திருச்சியிலிருந்து சென்னைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ரஞ்சன்குடிக் கோட்டை நல்ல அடையாளம். பெரம்பலூரைத் தாண்டி சுமார் 17 கிலோமீட்டர். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரம் பக்கம் மோதிக்கொண்டபோது இந்தக் கோட்டையும் அதில் சிக்கியது. எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் அதன் பெயர் அடிபடுவது வேறு காரணங்களுக்காக.

"ரஞ்சன்குடிகிட்ட இடது ஓரம் பூரா லாரி டயர் கம்பி. பார்த்து வாங்க."

"ஆடிக்காத்து ஆரம்பிச்சாச்சு. திருச்சி திரும்பும்போது எதிர்க்காத்துதான். தண்ணி கூடுதலா வெச்சுக்கங்க."

வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் கம்பி மயிரிழை கனம்தான் இருக்கும். அது சைக்கிள் டயரில் ஏறினால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஐந்தாவது நிமிடம் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் துடைத்துக்கொண்டே வந்தால், கம்பி இருக்குமிடத்தில் துணி மாட்டும். இந்த வித்தையை எனக்குச் சொன்னவர் யாரென்றே தெரியாது. குழுவில் வெறும் எண்ணாக இருந்தவர்.

முகம் தெரியாதவருக்கு ஏன் இத்தனை அக்கறை? நல்ல மனசு என்பார்கள் சிலர். பெருமையடிப்பது என்பார்கள் சிலர். இரண்டும் உண்டு. "நான் போய்வந்தேன்" என்று சொல்லாமல் எப்படிச் சாலை நிலவரம் சொல்ல முடியும்? ஆனால் பெரிய காரணம் இந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது.

நெடுந்தூர சைக்கிள்காரர்கள் ஓட்டும் பி.ஆர்.எம். பயணங்களுக்கு விதி வகுத்தது 1904-இல் தொடங்கிய பாரிஸ் ஆடாக்ஸ் கிளப். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 600 என்றால் 40 மணி நேரம். முதலிடமும் இல்லை, பரிசும் இல்லை. வழியில் கார் வைத்துக்கொண்டு யாரும் கூடவே உதவ முடியாது. சக பயணி உதவலாம். அடுத்தவர் முடித்தால் எனக்கு நஷ்டமில்லை. நான் நடுரோட்டில் நின்றால் அவரை விட்டால் கதியில்லை. இப்படிப்பட்ட இடத்தில் தகவலைப் பூட்டிவைத்து என்ன லாபம்? பதக்கத்துக்கு ஓடுகிறவர் தன் பயிற்சியை மறைப்பதிலும் நியாயம் உண்டு. இங்கே மறைக்க எதுவுமில்லை.

இன்னொன்று: சொன்னால்தான் தகவல் திருந்தும். "அந்த டீக்கடை ராத்திரி பூரா உண்டு" என்று ஒருவர் எழுதினால், "இப்போ பத்து மணிக்கே சாத்திடறாங்க" என்று அடுத்தவர் உடனே திருத்துவார். முதலில் எழுதியவர் அதைத் தனக்குள் வைத்திருந்தால், நம்பிக்கையோடு போய்ப் பூட்டிய கதவைத்தான் பார்த்திருப்பார்.

ஆகவே சைக்கிள் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலை நிலவரம் எழுதும்போது தேதி, நேரம், எந்தப் பக்கத்து ஓரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போன வருஷத்துப் பள்ளத்தை நம்பி இன்று வண்டி ஓட்ட முடியாது.