மலைச்சரிவும் கழிமுகமும்

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, பேராதனையிற் பயில வந்த மாணவன் அவன். அவனுடைய தந்தையார் முப்பது ஆண்டுகள் கான் வெட்டியவர். மலைச்சரிவிற் குறுக்காக, மெல்லிய சாய்வோடு வெட்டப்படும் அக்கான்களே மழைநீரின் வேகத்தைத் தணித்து மண்ணைத் தடுத்து நிறுத்துவன. கானில் நிறைந்த வண்டலை வாரித் தேயிலைத் தூரில் மீண்டும் இடுவதும் அவர்தம் தொழிலே. "மண்ணு போனா மலையே போச்சு தம்பி" என்பது அவருடைய நாளாந்த வாக்கு. சிறுவயதில் அவன் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

கொழும்பிலே, மட்டக்குளியை அடுத்த காக்கைத்தீவில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தை அவன் முதன்முறையாகக் கண்ட நாளில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கடல்நீரினூடே செந்நிறக் கலங்கல் நெடுந்தூரம் விரிந்து கிடந்தது. சிவனொளிபாத மலைத்தொடரில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவந்த நீரின் நிறம் அது. தந்தையாரின் மண்வெட்டிக் காம்பிற் படிந்திருந்த நிறமும் அதுவே.

ஆனால், ஆறு இத்துணை மண்ணைக் கொணர்ந்தும் கொழும்புக்கு வடக்கே கடற்கரை ஏன் தேய்கிறது? அலைகளுக்கு எதிரே கருங்கற்களை ஏன் அடுக்குகின்றனர்? பல்கலைக்கழக நூலகத்தில் அவன் விடை தேடினான். மலையிலிருந்து கரைந்து வருவதில் நுண்ணிய சேறு மிதந்து கடலைச் சேர்கின்றது. கரையைக் காக்கவல்ல பருமணலோ காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்களில் தங்கிவிடுகின்றது. எஞ்சியதைக் கட்டடத் தேவைக்காக ஆற்றிலேயே அகழ்ந்துவிடுகின்றனர். அவ்வாறு அகழ்ந்து படுகை தாழ்ந்தமையால், வறண்ட காலங்களில் உவர்நீர் அம்பத்தளைக் குடிநீர் நிலையத்தை நோக்கி ஏறிய வரலாறும் உண்டு. கழிமுகத்துக்கு வேண்டாத சேறு வருகின்றது. வேண்டிய மணல் வருவதில்லை.

மலையும் கழிமுகமும் ஒன்றே என்பதை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அவனுக்குக் கண்கூடாக்கிற்று. ஒரே மழை நுவரெலியா மாவட்டத்திற் சரிவுகளைப் பெயர்த்தது. களனியின் கீழ்க்கரையில் வீடுகளை மூழ்கடித்தது. அவனுடைய லயத்துக்கு மேலே நிலம் வெடித்தது. தந்தையார் ஓய்வு பெற்றபின் அங்கே கான் வாருவார் அருகியிருந்தனர். தூர்ந்த கான்களில் தேங்கிய நீர் சரிவினுள்ளே இறங்கியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை மறவாத மக்கள், இரவோடிரவாகத் தோட்டப் பாடசாலையில் ஒதுங்கினர். அவ்விடத்தில் இனி வாழ்தல் ஆகாது என அதிகாரிகள் உரைத்தனர். வேறெங்கே வாழ்வது என்பதற்கு மறுமொழி கிட்டவில்லை. லயக் காம்பிராவும் அது நிற்கும் நிலமும் அவர்களுடையன அல்லவே! மூன்று வாரங்களின் பின் பெரும்பாலோர் அதே கூரையின்கீழ்த் திரும்பினர்.

கடலோரத்திற் கல் அடுக்குவோரும் மலையிலே கான் வாருவோரும் ஒரே பணியின் இரு முனைகளில் நிற்பவர்கள். முன்னதற்கு 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மலைமண்ணுக்கும் 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் உண்டு. மண்ணைக் காத்த மனிதருக்கோ பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் இல்லை.

விடுமுறைக்குச் சென்ற முதல்நாட் காலையில், தந்தையார் மண்வெட்டியோடு மேலே ஏறுவதை அவன் கண்டான்.

"அப்பா, இதுக்குப் பேர் போடுவாங்களா?"

"பேருக்கா தம்பி வெட்டுறோம்? கீழ நம்ம வீடு இருக்கு."

இன்னும் கீழே என்ன இருக்கிறது என்பதை அறிந்திருந்த அவன், மற்றொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் பின்னே நடந்தான்.