நாலரைப் பவுன் ஈயம்

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றிவிட்டு, அடுத்த வீட்டு மாமியிடம் இரண்டு வார்த்தை பேசப் போனவர்கள் நம்மில் ஏராளம். திரும்பி வந்து பார்த்தால் சொம்பைக் காணோம். அடுப்பில் பளபளவென்று ஒரு குட்டி வெள்ளிக் குளம்! வெள்ளீயம் 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். சமையலறை அடுப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இதே காரியத்தை வேண்டுமென்றே செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஓய்வு நாள் வந்தால் போதும், கொல்லைப்புறக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டு காரீயத்தையும் அதில் கொஞ்சம் வெள்ளீயத்தையும் உருக்கி, அச்சில் ஊற்றித் துப்பாக்கிக் குண்டு வார்க்கிறார்கள். சண்டைக்கு அல்ல. ஆயிரம் கஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்கு, அப்பால் நிற்கும் ஒரு கறுப்பு வட்டத்தில் ஓட்டை போடுவதற்காக! தெருக்கோடியில் வருவது நம் வீட்டு மனிதரா, வேறு யாராவதா என்பதே எனக்குச் சட்டென்று தெரிவதில்லை.

கடையில் குண்டு கிடைக்காதா என்று கேட்பீர்கள். பேஷாகக் கிடைக்கும். சாம்பார்ப் பொடிகூடத்தான் கடையில் கிடைக்கிறது. வீட்டில் இடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கடைப் பொடி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனால்' தான் இங்கேயும்.

ஒரு குண்டு நன்றாக அமைந்துவிட்டால் போதாது. நூறு குண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் சுருள் சுருளாகப் புரி வெட்டியிருக்கும். அதில் திருகிக்கொண்டு வெளியே வரும் குண்டு, பம்பரம்போல் சுழன்றபடி பறக்கிறது. ஆணி நடுவில் இல்லாத பம்பரம் எப்படித் தள்ளாடும் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். குண்டுக்குள்ளே கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் அதே கதிதான். பக்கத்தில் சுட்டால் தெரியாது. ஆயிரம் கஜம் போவதற்குள் வழி தவறிவிடும். ஆகையால் வார்த்த குண்டு ஒவ்வொன்றையும் தராசில் போட்டுப் பார்க்கிறார்கள். எடை குறைந்ததா? மறுபடி உருக்கும் பாத்திரத்துக்கே போக வேண்டியதுதான்!

அச்சு சூடாகாமல் இருக்கும்போது ஊற்றினால் குண்டின் மேல் சுருக்கம் விழுமாம். முதலில் வருகிற சிலவற்றை யாருமே வைத்துக்கொள்வதில்லை. இதை நான் படித்துச் சொன்னபோது என் தாயார் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "முதல் தோசை யாருக்கு நன்றாக வந்திருக்கிறது?" என்று கேட்டுவிட்டு மாவைக் கலக்கப் போய்விட்டார்!

பிராங்க்ளின் மான் என்ற அமெரிக்க டாக்டர் வருஷக்கணக்காக இதையே ஆராய்ந்து 1909-ல் ஒரு புத்தகம் எழுதினார். சில குண்டுகளின் மூக்கையும் சில குண்டுகளின் அடிப்பாகத்தையும் வேண்டுமென்றே பழுதாக்கிச் சுட்டுப் பார்த்தார் மனிதர். மூக்கு பழுதானால்கூடக் குண்டு அவ்வளவாக வழி மாறவில்லை. அடிப்பாகம் கோணியிருந்தால்தான் போச்சு! குழாயை விட்டு வெளிவரும் கணத்தில் பின்னாலிருக்கும் வாயு ஒரு பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடுகிறது.

இத்தனை பாடும் எதற்கு என்பது 1874-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி நடந்ததைக் கேட்டால் விளங்கும். நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூர் என்ற மைதானம். அயர்லாந்துக்காரர் ஆறு பேருக்கும் அமெரிக்கர் ஆறு பேருக்கும் போட்டி. 800, 900, 1000 கஜம் என்று மூன்று தூரங்கள். ஒவ்வொன்றிலும் ஆளுக்குப் பதினைந்து வேட்டு. அயர்லாந்துக்காரர் குழாயின் வாய் வழியாகக் குண்டைச் செலுத்தும் பழைய முறைக்காரர்கள். அமெரிக்கரின் துப்பாக்கிகளோ பின்புறம் திறப்பவை. அந்தக் காலத்து நீண்டதூரக் குண்டு ஒவ்வொன்றும் சுமார் 35 கிராம். நம் கணக்கில் கிட்டத்தட்ட நாலரைப் பவுன். அதன்மேல் மெல்லிய காகிதத்தை நனைத்து இரண்டு சுற்றுச் சுற்றி உலர்த்துவார்கள். காய்ந்ததும் தோல்போல் இறுகிக்கொள்ளும்.

குறியின் நடுவில் பட்டால் நாலு புள்ளி. மில்னர் என்ற அயர்லாந்துக்காரர் நட்டநடுவில் அடித்தார். ஆனால் அது பக்கத்து இலக்கின் நடு! ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் அயர்லாந்து 931, அமெரிக்கா 930. பாக்கி ஒரே ஒரு வேட்டு. அதைச் சுட வேண்டிய கர்னல் போடைனின் கையில், சற்றுமுன் ஜிஞ்சர் பீர் பாட்டில் வெடித்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். நடுக்குறி! 934. அந்த ஒரு குண்டுக்குள் குமிழி இருந்திருந்தால்?

பிறகு ஈயத்துக்கு மேல் செப்புச் சட்டை போடும் காலம் வந்தது. 1943-ல் உலக யுத்தத்தினால் குண்டுக்குப் பஞ்சம். கலிபோர்னியாவில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர், சுட்டுப் போட்ட சிறு தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளையே சட்டையாக்கிக் குண்டு அழுத்தும் கருவி செய்தார். அவருடைய தொழிற்சாலை எது தெரியுமா? தகப்பனாரின் சலவைக் கடைப் பின்கட்டு!

பெண்கள் இந்த விளையாட்டில் உண்டா என்றால், உண்டு. 1930-ல் இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் ராஜா பரிசை முதல்முதலாக வென்ற பெண்மணி மார்ஜோரி பாஸ்டர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரித் தோட்டாவைத்தான் கொடுப்பார்கள். எனக்கென்னவோ அதுதான் நியாயமான பந்தயம் என்று படுகிறது. கொட்டகைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். அது இருக்கட்டும். என்னை உறுத்துவது வேறொன்று. ரசச் சொம்பின் வெள்ளீயம் சாது, காரீயம் விஷம். மணம் இல்லை, உறுத்தல் இல்லை. கையில் ஒட்டிய தூசி சோற்றோடு உள்ளே போகும். சட்டையில் ஒட்டியது வீட்டுக்குள் வரும். அதில் அதிகம் கெடுவது தவழ்கிற குழந்தையின் மூளை. உருக்கிய பாத்திரத்தைச் சமையலுக்குத் தொடாதே, கையைக் கழுவாமல் சாப்பிடாதே, சட்டையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும் என்றெல்லாம் இந்தக் கலையைக் கற்பிப்பவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். துவைப்பது யார் என்பதை மட்டும் நான் படித்த எதிலும் காணோம்.