காசுக்கடைக் கவிராயரும் அப்பாவின் நோட்டும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். எனக்கு சங்கீதம் தெரியாது. கேள்வி ஞானமும் அரைகுறைதான். ராகம், சுரம்னு யாரும் சண்டைக்கு வராதீங்க சாமி. இது பாட்டு போட்டவங்க எப்படிப் பொழைச்சாங்க என்கிறதைப் பத்தின பதிவு.

பொங்கல் லீவுக்கு திருக்கனூர் போயிருந்தோம். பொண்ணு கீபோர்டையும் தூக்கிக்கிட்டு வந்துட்டா. பன்னெண்டு வயசு, கிளாஸ் போக ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. திண்ணையில உக்காந்து அவ வாசிச்சது ஒரு மினுவெட். புஸ்தகத்துல மேல 'பாக்'னு போட்டிருக்கு. உண்மையில அது பாக் போட்டதே இல்லையாம். பாக் தன் ரெண்டாவது மனைவிக்குக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதி வச்சிருந்ததால அவர் பேரில் ஓடிக்கிட்டிருந்தது. கிறிஸ்டியன் பெட்சோல்டுன்னு ஒருத்தர் போட்டதுன்னு 1970களில்தான் கண்டுபிடிச்சாங்க. பாவம் பெட்சோல்டு.

உள்ளேயிருந்து அம்மா, "யாரு பாட்டுடீ இது?"ன்னாங்க.

"பாக், ஆயா."

"வெத்தல பாக்கா?"

:-)

எனக்கு பாக்கை அறிமுகப்படுத்தினது ராஜாதான். 1986ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' கேசட். அதுல பாக்கை வீட்டில் சந்திச்சதா ஒரு பாட்டுக்குப் பேரே வச்சிருப்பார். அதைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அந்த தைரியத்துல பொண்ணுகிட்ட பாக் பெருமையை அளந்துக்கிட்டிருந்தேன். "சரிப்பா, பாக் இருந்தப்ப நம்மூர்ல யாரு பாட்டு போட்டாங்க?"ன்னு கேட்டா. "தியாகராஜர்"னு அடிச்சுவிட்டேன். அவ போனை எடுத்துப் பார்த்துட்டு, தியாகராஜர் பொறந்தது 1767, பாக் செத்தது 1750ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ்வ்வ்வ்.

மானம் போனதால ரெண்டு வாரம் தேடிப் படிச்சேன். நமக்குக் கிடைச்ச ஆள் அருணாசலக் கவிராயர். 1711ல் பிறந்து 1779ல் போனவர். பாக்கும் ஹேண்டலும் 1685ல் பிறந்தவங்க, கவிராயருக்கு அப்பா வயசு. சீர்காழி மூவர்னு சொல்வாங்களே, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, அதுல நடுவுல வர்றவர்.

கவிராயர் பிறந்த ஊர் தில்லையாடி. வள்ளியம்மையின் தில்லையாடியேதான். பக்கத்துலயே தரங்கம்பாடி, டேனிஷ்காரன் கோட்டை. இவர் பிறக்கிறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1706ல், சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியாச்சு. ஹாலேயில படிச்சவர். ஹேண்டல் பிறந்த அதே ஹாலே. அவரும் கூட வந்தவங்களும் ஜெர்மன் மெட்டுல தமிழ்ப் பாட்டு எழுதி நம்ம ஜனங்களைப் பாட வச்சாங்க. அதாவது பாக் உயிரோட இருந்த காலத்துலயே, அவர் ஊர்க் கோயில் மெட்டு கவிராயர் ஊருக்குக் கூப்பிடு தூரத்துல தமிழில் கேட்டிருக்கு. கவிராயர் காதுல விழுந்துச்சான்னு யாரும் எழுதி வைக்கலை.

கவிராயருக்குப் பன்னெண்டு வயசுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு சொல்வாங்க. பாக்குக்கு இது பத்து வயசுல. பாக்கை அண்ணன் வளர்த்தார். கவிராயர் தருமபுரம் ஆதீனத்துக்குப் படிக்கப் போனார். நல்லாப் படிக்கிற பையன், துறவியாக்கி மடத்துலயே வச்சுக்கலாம்னு பெரியவங்க நினைச்சப்ப, இவர் வேணாம்னுட்டு ஊருக்குத் திரும்பிட்டார். முப்பது வயசுல கல்யாணம். பொழைப்புக்கு ஒரு காசுக்கடை வச்சார். ஆமாங்க, காசுக்கடை. காலையில கல்லாவுல உக்காந்து காசு எண்ணி, சாயங்காலம் கம்பராமாயணம்.

முப்பது வயசுன்னா 1741 வாக்குல. அதே 1741 ஜூலையில விவால்டி வியன்னாவுல வறுமையில செத்துப்போனார். வெனிஸ்ல அநாதைப் பொண்ணுங்க இல்லத்துல வயலின் சொல்லிக்கொடுத்தவர் அவர். வேலையில வச்சுக்கலாமா வேணாமான்னு நிர்வாகிங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவாங்க. 1709ல் ஓட்டு விழாம வெளியே போனார், அப்புறம் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. நம்ம காண்ட்ராக்ட் வேலை கதைதான். விவால்டி செத்த அடுத்த மாசம் ஹேண்டல் லண்டன்ல 'மெசையா' எழுத உக்காந்தார், 24 நாள்ல முடிச்சார். ஓபரா கம்பெனி நடத்திக் கையைச் சுட்டுக்கிட்டு, பக்கவாதமும் வந்து எழுந்திருச்சிருந்த நேரம் அது. அடுத்த 1742 ஜனவரியில நம்ம புதுச்சேரிக்கு துய்ப்ளே கவர்னரா வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை அதுக்கும் ஆறு வருஷம் முன்னாடியே நாட்குறிப்பு எழுத ஆரம்பிச்சிட்டார். எல்லாம் ஒரே காலம்! ஸ்கூல்ல ஒவ்வொண்ணையும் தனித்தனி அறையில போட்டுப் பூட்டிட்டாங்க.

கவிராயர் ஒருமுறை வியாபார விஷயமா புதுச்சேரிக்குக் கிளம்பினார். வழியில சீர்காழியில தருமபுரம் மடத்து ஆள் சிதம்பரம் பிள்ளை வீட்ல தங்கினார். பிள்ளை ஒரு பள்ளு எழுத ஆரம்பிச்சு நடுவுல சிக்கிக்கிட்டு முழிச்சுக்கிட்டிருந்தாராம். கவிராயர் அதை எழுதி முடிச்சு வச்சுட்டுப் புதுச்சேரிக்குப் போயிட்டார். இந்த ஆளை விடக்கூடாதுன்னு பிள்ளை, இவருக்குத் தெரியாம ஆள் அனுப்பி இவர் குடும்பத்தையே சீர்காழிக்குக் கூட்டிக்கிட்டு வந்து வீடும் நிலமும் கொடுத்துட்டாராம். திரும்பி வந்த மனுஷனுக்குக் குடித்தனம் ஊர் மாறியிருக்கு. தில்லையாடிக் கவிராயர் சீர்காழிக் கவிராயர் ஆனது இப்படி.

ஜெர்மனியில வேற மாதிரி. லூபெக் ஊர்ல புக்ஸ்டெஹூடேன்னு பெரிய ஆர்கன் வித்வான். வயசாயிடுச்சு, வேலையைக் கொடுக்கத் தயார், ஒரே ஒரு நிபந்தனை: பொண்ணைக் கட்டிக்கணும். 1703ல் ஹேண்டலும் அவர் சிநேகிதர் மாத்தேசனும் போய்ப் பார்த்துட்டு மரியாதையா திரும்பிட்டாங்க. 1705ல் பாக் நானூறு கிலோமீட்டர் நடந்தே போய் வாசிப்பைக் கேட்டுட்டு, அவரும் வேலை எதுவும் வாங்காம வந்துட்டார். :-) புக்ஸ்டெஹூடேவே முந்தின வித்வான் பொண்ணைக் கட்டி அந்த வேலைக்கு வந்தவர்தானாம்.

சரி, ராம நாடகம். கவிராயர் அறுபது வயசை ஒட்டி எழுதினது. சட்டநாதபுரத்துல இருந்து ரெண்டு பேர் அவர்கிட்ட கம்பராமாயணம் பாடம் கேக்க வந்தாங்க, வெங்கட்ராமய்யர், கோதண்டராமய்யர். ரெண்டு பேரும் பாட்டுக்காரங்க. பாடமாக் கேட்டதைக் கீர்த்தனையா எழுதிக்கொடுங்கன்னு அவங்க கேக்க, இவர் எழுத எழுத அவங்க மெட்டுப் போட்டாங்க. ஸ்ரீரங்கத்துல அரங்கேற்றம். அங்கே ரங்கநாதர் ஏன் படுத்திருக்கார்னு கேக்கிற பாட்டு இன்னிக்கும் மோகனத்துல கச்சேரிக்குக் கச்சேரி ஒலிக்குது. ஆனா கச்சேரியில கேக்கிற பல மெட்டுகள் அரியக்குடி மாதிரி பின்னால வந்தவங்க போட்டது. அந்த ரெண்டு சட்டநாதபுரத்துக்காரங்க முதல்ல போட்ட மெட்டுல எவ்வளவு மிச்சம்? பெட்சோல்டு ஞாபகம் வந்துச்சு.

சென்னையில இந்த நாடகத்தைக் கேட்டுப் பரிசு கொடுத்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார், கவர்னர் பிகட்டின் துபாஷ். அதே மணலி வீட்டு அடுத்த தலைமுறைதான் முத்துசாமி தீட்சிதரையும் தம்பி பாலுசாமியையும் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரன் பேண்டைக் கேக்க வச்சது. தம்பி வயலின் கத்துக்கிட்டார். அண்ணன் அந்த மெட்டுக்கு நோட்டுஸ்வர சாகித்யம் எழுதினார்.

பேண்டுன்னதும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

எங்கப்பா பேண்டு செட்ல கிளாரினெட் வாசிச்சவர். இதை நான் இதுவரைக்கும் எந்தப் பதிவுலயும் எழுதினதில்லை. 'அப்பா விவசாயம்'னுதான் எழுதியிருக்கேன். ஒண்ணரைக் காணி இருந்தது, அதனால முழுப் பொய் இல்லை. மண்ணாடிப்பட்டு, செட்டிப்பட்டு, பத்துக்கண்ணு வரைக்கும், எல்லையைத் தாண்டி சித்தலம்பட்டுப் பக்கமும், மாப்பிள்ளை அழைப்பா, சாமி ஊர்வலமா, அப்பா செட்டுதான். ஆறு பேர். சிவப்புக் கோட்டு, தோள்ல மஞ்சள் ஜரிகை. ஆனா கல்யாணம் வருஷத்துல எத்தனை நாள்? ஆடியில கிடையாது, மார்கழியில கிடையாது. அந்த மாசங்கள்ல அடுப்பு எரிஞ்சது சாவு வீட்டுக் காசுல. முச்சந்தியில பாடை போறப்ப அப்பா கன்னம் உப்ப வாசிச்சுக்கிட்டு நடக்கிறதைப் பசங்களோட நின்னு பார்த்திருக்கேன். 'சாவு மோளம்'னு எனக்குப் பட்டப்பேரு. எட்டாவதுல இருந்து அப்பா வர்ற தெருவுல நான் நிக்கிறதில்லை.

போன மாசம் பாக் எழுதின கடுதாசி ஒண்ணைப் படிச்சேன். 1730 அக்டோபர் 28ல், லைப்சிக்ல இருந்து எர்ட்மன்ங்கிற பழைய சிநேகிதருக்கு எழுதினது. வேற வேலை இருந்தா சொல்லுங்கிற கடுதாசி. லைப்சிக்ல அவரை வேலைக்கு எடுத்ததே, டெலிமன், கிரவுப்னர் ரெண்டு பேரும் வரலைன்னு ஆனப்புறம், 1723ல். அதிகாரிங்க தொல்லை, விலைவாசி, எல்லாம் புலம்பிட்டு வருமானத்துக்கு வர்றார். வருஷத்துக்கு எழுநூறு தாலர் வரும், வழக்கத்தைவிட சாவு அதிகம் விழுந்தா கூடவும் வரும். முந்தின வருஷம் ஊர்க் காத்து நல்லா இருந்து தொலைச்சதால சாவு குறைஞ்சு, நூறு தாலருக்கு மேல நஷ்டம்.

இது பாக். 'மேத்யூ பேஷன்' எழுதினவர். ஊர்ல யாரும் சாகலையேன்னு கணக்குப் பார்த்திருக்கார். இருபது பிள்ளை பெத்து அதுல பாதி வளர்றதைப் பார்க்காத மனுஷன், சாவுன்னா இன்னான்னு தெரியாதவர் இல்லை.

எங்க வீட்டுல சாவுன்னு சொல்ல மாட்டாங்க. 'நல்லது', 'கெட்டது'. ஆடி மாசத்துல அம்மா மெதுவாக் கேப்பாங்க, "இன்னாங்க, இந்த வாரமும் ஒண்ணும் வரலியா?" அப்பா, "நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. ஜனங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, இருக்கட்டும்"பார். அந்த 'இருக்கட்டும்'ல ஒரு பெருமூச்சு இருக்கும். அதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசும். இப்படியும் ஒரு பொழைப்பான்னு.

அப்பா ஒரு நோட்டு வச்சிருந்தார். கடுதாசியைப் படிச்சப்புறம் அம்மாவுக்கு போன் பண்ணித் தேடி எடுத்து வைக்கச் சொல்லி, அடுத்த சனிக்கிழமையே ஊருக்குப் போய்ப் பார்த்தேன். தேதி, ஊர், தொகை. நடுவுல ஒரு எழுத்து: 'ந' அல்லது 'கெ'. 1988ல் மட்டும் எண்ணினேன். ந 27, கெ 41. என் பத்தாவது பரீட்சை ஃபீஸ் கட்டின மாசத்துல நாலு கெ. யாரோ நாலு பேர்.

அப்பா 2009ல் போனார். செட்டு ஆளுங்கல்லாம் காலையிலேயே வந்துட்டாங்க, வாத்தியத்தோட, கோட்டு போட்டுக்கிட்டு. ஆபீஸ்ல இருந்து கார் வச்சுக்கிட்டு என் ஆளுங்க வர்றாங்கங்கிற நெனப்புல நான் சொன்னேன், "பேண்டு வேணாம், அமைதியா எடுத்துடலாம்." யாரும் ஒண்ணும் சொல்லலை. டிரம்பெட் வாசிக்கிற மாமா மட்டும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் டிரம்பெட்டைத் துணிப்பையில போட்டு, அதைக் குழந்தை மாதிரி மார்ல அணைச்சுக்கிட்டு சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார்.

நோட்டை எடுக்கப் போன அன்னிக்கு அவர் வீட்டுக்கும் போனேன். எழுபதைத் தாண்டிட்டார், பல்லு இல்லை, ஊத முடியாது. டிரம்பெட்டை வித்தாச்சாம். நான் எதையோ சொல்ல ஆரம்பிச்சேன். அவர் அதுக்குள்ள, "பொண்ணு இன்னாமோ வாசிக்குதாமே, உங்கம்மா சொன்னாங்க"ன்னார்.

"கீபோர்டு, மாமா."

"ஊதுறது இல்லியா?" கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கிட்டிருந்தார். "உங்கப்பா கிளாரினெட் இன்னா ஆச்சு?"

பரண்ல இருக்கு, ரீடு உடைஞ்சு கிடக்குன்னேன்.

"ரீடு பாண்டியில கிடைக்கும்டா. எடுத்தா. துடைச்சுத் தரேன்."