உப்பும் படிப்பும்

பாலாவிச் சந்தியில் நின்றால் மூன்று வழிகள் தெரியும். ஒன்று தெற்கே சிலாபத்துக்கும் கொழும்புக்கும் போகிறது. ஒன்று வடக்கே புத்தளம் நகருக்கு. மற்றொன்று மேற்கே திரும்பிக் கற்பிட்டிக்கு. வெயிலில் மின்னும் உப்பளங்களும், அவற்றுக்கப்பால் கடல்நீரேரியும் எங்கள் ஊரின் உடைமைகள். இந்தச் சந்தியில், 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில், ஒரு விடியற்காலை நாங்கள் இருவர் பேராதனைக்குப் புறப்பட்டு நின்றோம்.

எங்களில் ஒருவர் பரம்பரையாக உப்பளத்தில் கூலிவேலை செய்த வீட்டுப் பிள்ளை. மற்றவர் 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பத்தவர். அப்பொழுது அவருக்கு வயது ஏழு. அகதிக் குடிசையிலிருந்து அவருடைய தாயாரும் பின்னர் அதே உப்பளத்துக்கு வேலைக்கு வந்தார். எங்களை நண்பர்களாக்கியது பள்ளிக்கூடம் மட்டுமன்று. எங்கள் தாய்மாரின் காலில் இருந்த ஒரேவிதமான வெடிப்புகளுந்தான்.

புத்தளத்தில் பஸ் ஏறி நிக்கவெரட்டியா, குருநாகல் வழியாகக் கண்டிப் பக்கம் சேர்ந்தோம். பச்சை மலைகளையும், மகாவலியையும், நீண்ட மரநிழல்களையும் கண்டு வாயடைத்து நின்றோம். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கே குடிபெயர்ந்தபோது, வசதி படைத்தோரின் பிள்ளைகளே பெரும்பாலும் இந்த நிழல்களில் நடந்திருப்பார்கள். எங்களைப் போன்றோர் அங்கே வர வழிதிறந்தது 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி. அதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருந்தோம். அதன் பொருளை விடுதி அறையில்தான் அறிந்தோம்.

விடுதியில் முதல் நாள் எல்லோரும் கேட்ட கேள்வி, "வீட்டில் என்ன தொழில்?" என்பது. நாங்கள் இருவரும், முன்னரே பேசிவைத்துக்கொண்டவர்கள்போல, "உப்பு வியாபாரம்" என்றோம். பொய்யென்று சொல்லவும் முடியாது. உண்மையென்று சொல்லவும் முடியாது. உப்பை விற்றவர்கள் வேறு மனிதர்கள். எங்கள் வீட்டார் விற்றது முதுகெலும்பை.

அடுத்த அறையில் அம்பாந்தோட்டைச் சிங்கள மாணவர் ஒருவர் இருந்தார். "உப்பு" என்றதும் முகம் மலர்ந்தது அவருக்கு. "எங்கள் அப்பாவும் லேவாயவில்தான். கூடையில் லுணு சுமப்பார்" என்று பாதி ஆங்கிலத்திலும் பாதிச் சிங்களத்திலும் சொன்னார். லேவாய என்பது அவர்கள் மொழியில் உப்பளம். அவர் அதைச் சொன்ன விதத்தில் கூச்சமும் இல்லை, பெருமையும் இல்லை; மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது. நாங்களோ தலையைக் குனிந்துகொண்டோம். எங்கள் பொய்யைத் திருத்தச் சில வாரங்கள் பிடித்தன. பல்கலைக்கழகத்தில் நாங்கள் பெற்ற முதற் பாடம் இதுவே. இதற்குப் பரீட்சை வைக்கப்படவில்லை.

விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழில் படித்து வந்த எங்களுக்கு முதல் மாதங்கள் இருட்டறை. அந்த இருட்டில் ஒருநாள் வெளிச்சம் வந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. நீர் வற்ற வற்ற, சுண்ணாம்பு முதலிற் படியும், அடுத்து ஜிப்சம், பின்னரே கறியுப்பு, கடைசியில் கசக்கும் மக்னீசிய உப்புகள் எஞ்சும் என்று ஒரு பாடம். எழுத்துக் கூட்டாமல் எங்களுக்கு விளங்கிய முதற் பாடம் அதுதான். நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு ஏன் மாற்றுகிறார்கள், உப்பு விளைந்தபின் எஞ்சிய கசப்புநீரை ஏன் தாமதியாது வெளியேற்றுகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் தாய்மார் கைவிரலால் அறிந்திருந்தார்கள். அந்த அறிவைப் படிப்பென்று ஒருவரும் அழைத்ததில்லை, நாங்களுங்கூட அழைத்ததில்லை.

இரண்டாம் பாடம் கசப்பானது. யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவரோடு எங்களுக்கு நட்பு உண்டாகியிருந்தது. ஓரிரவு பேச்சு பல்கலைக்கழக அனுமதியை நோக்கித் திரும்பியது. விஞ்ஞானத் துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது முறை. புத்தளமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளது. நாங்கள் மாவட்ட ஒதுக்கீட்டினால் வந்தவர்கள்.

"உங்களுக்குக் கிடைச்ச இடம் எங்களிட்டப் பறிச்ச இடம் எண்டுதான் எங்கட வீட்டில சொல்லுவினம்" என்றார் அவர்.

எங்களில் மன்னாரிலிருந்து வந்தவர் எழுந்து நின்றார். "எங்களை வீட்டை விட்டுப் போகச் சொன்னது யாரெண்டும் உங்கட வீட்டில சொல்லியிருக்காங்களா?"

அன்றிரவு விளக்கை அணைத்தும் ஒருவரும் உறங்கவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. 1970களின் முற்பகுதியில் வந்த தரப்படுத்தல், தமிழ்மொழியில் தோற்றியவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்டது. ஒரு தலைமுறையின் நெஞ்சில் அது ஆறாத புண். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடோ மன்னாருக்கும் புத்தளத்துக்கும் அதுவரை அடைத்திருந்த கதவைத் திறந்தது. எங்களுக்கு நீதியாக வந்தது அவருக்கு அநீதியாகச் சென்றிருக்கிறது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களை வெளியேற்றிய கொடுமையோ, அவர் பிள்ளைப் பருவத்தில், அவர் பெயரைச் சொல்லி, அவரைக் கேளாமலே நடந்தது.

சில நாட்களின் பின் அவரே வந்தார். "எனக்கு அப்ப ஏழு வயசு. பக்கத்து வீட்டுச் சனம் ஒரே நாளில காணாமப் போச்சுது. ஏனெண்டு கேட்டன், ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். எங்கள் நண்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் பயன்படுத்தவில்லை.

பின்னர் அம்பாந்தோட்டை நண்பரும் சேர்ந்து நாலுபேராக இதைப் பேசினோம். உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை. பானையில் சோறு போதாதபோது பந்தியில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். பானை ஏன் சிறிது என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆனையிறவிலும் உப்பளம் உண்டு. அந்த மண் 1991இலும் 2000இலும் பெரும்போர்களின் களமாயிற்று. ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை என்ற மூன்று ஊர்களிலும் உப்பு ஒரே விதமாகத்தான் விளைகிறது. அதை வாருவோரின் கால்களும் ஒரே விதமாகத்தான் வெடிக்கின்றன. ஆனால் இதனைச் சொல்லிவிட்டால் பழைய காயங்கள் ஆறிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை. வறுமை ஒன்றென்பது மெய். அதற்குமேல் இனத்தின் பெயரால் ஒருவருக்கு இழைத்ததை மற்றவர் காதுகொடுத்துக் கேட்கவேண்டும் என்பதும் மெய். முதல் மெய்யைக் காட்டி இரண்டாவதை மறைப்பது முற்போக்கு ஆகாது.

இன்று நாங்கள் இருவரும் எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர்கள். கல்வி இலவசம் என்று மாணவர்களிடம் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம்: கட்டணம் இல்லையென்பதால் விலை இல்லையென்று எண்ணாதீர்கள், உப்புப் பாத்தியிலும் தேயிலைத் தோட்டத்திலும் வயலிலும் யாரோ அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போங்கள். போகாமல் ஊர் தெரியாது. ஆனால் வீட்டில் என்ன தொழில் என்று கேட்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

உப்புகள் பற்றிய பாடம் வரும்போது நாங்கள் கரும்பலகையைத் தொடுவதில்லை. பிள்ளைகளைப் பாலாவி உப்பளத்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே உப்பு வாரும் அம்மா ஒருவர் முதலிற் பேசுவார். பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். நாங்களும் எடுப்போம்.