திங்கட்கிழமைகளில் மட்டும் தீர்ந்துபோன பேட்டரி

சற்று நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், அவர்களிடம் இரவல் வாங்கும் நண்பர்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் கார் 2009ஆம் ஆண்டினது. ஹைதராபாதில் கச்சிபௌலியிலிருந்து மெஹதிப்பட்டினம் வரை வாரம் மூன்று முறை போய்வருவது மட்டுமே அதன் வேலை. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு அப்பாவுக்கு டயாலிசிஸ். தாமதமானால் யாரும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் அடுத்த முறைக்குரியவர் பத்தரைக்கே வந்து காத்திருப்பார். ஆகவே நான்கு மணி நேரம் மூன்றரையாகச் சுருங்கும். அந்த அரைமணியின் கணக்கு இரண்டு நாள் கழித்து அப்பாவின் கணுக்கால் வீக்கத்தில் தெரியும். விடியற்காலையில் வாடகைக் கார் வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது.

இந்நிலையில்தான் கார் கிளம்ப மறுக்கத் தொடங்கியது. பேட்டரி வாங்கி எட்டு மாதமே ஆகியிருந்தது. கடையில் சோதித்து, நன்றாகவே இருக்கிறது என்றார்கள்; அதே மூச்சில் புதிது போட்டுக்கொள்ளவும் சொன்னார்கள். 37,000 ரூபாய் உதவித்தொகையில் மருந்துச் செலவையும் பார்ப்பவனுக்கு அது இலகுவான யோசனையன்று. ஓடும்போது மின்னழுத்தம் 14.1 வோல்ட் காட்டியதால் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது என்றும் தீர்ப்பாயிற்று.

நான் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன். எங்களுக்குத் தெரிந்த ஒரே கருவி, தேதியைக் குறித்துக்கொள்வது. கார் நின்றுபோன மூன்று முறையும் திங்கட்கிழமை. இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார்: “அதுக்கும் சனி ஞாயிறு தாங்கலை போலிருக்கேடா.” அவர் விளையாட்டாகச் சொன்னது மருத்துவத்தில் நன்கறிந்த செய்தி. வாரம் மும்முறை டயாலிசிஸ் பெறுவோருக்கு அந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளே ஆபத்து மிகுந்த நாள். இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் அன்று கூடுதல். தவறவிடவே கூடாத காலை எதுவோ, அதே காலையில் கார் படுத்துக்கொண்டது.

தேதிகள் இன்னொன்றையும் சொல்லின. வெள்ளி பகல் பதினொன்று முதல் திங்கள் காலை ஐந்து வரை 66 மணி நேரம். மற்ற இடைவெளிகள் 42 மணி நேரம். பேட்டரி கெட்டிருந்தால் இத்தனை ஒழுங்காக நாள் பார்த்து நிற்காது. நின்றிருக்கும் காரிலிருந்து ஏதோ ஒன்று சீராக உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

அதை அளப்பது கடினமன்று. மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியர் அளவையில் வைத்து, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் நடுவே இணைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் கூரை விளக்கின் மின்னோட்டமும் சேர்ந்துவிடும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்தால், இத்தகைய காரில் 50 மில்லியாம்பியருக்குள் இருப்பது இயல்பு. எங்களுடையது 320. அதை 66 மணி நேரத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 21 ஆம்பியர் மணி. பேட்டரியின் முழுக் கொள்ளளவே 35. புதன், வெள்ளிக்கு 13 மட்டுமே தீரும், அதில் பெரும்பகுதியை ஓட்டம் ஈடுகட்டிவிடும். திங்கட்கிழமைக்கான விளக்கம் கிடைத்துவிட்டது.

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஐயம் முழுவதும் முந்தைய உரிமையாளர் பொருத்திய பாட்டுப் பெட்டியின் மேல்தான் இருந்தது. அதைப் பிடுங்கியதும் 308 ஆயிற்று, அவ்வளவே. மற்ற எதற்கும் மீட்டர் அசையவில்லை.

ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி இந்தச் சிறு ஃபியூஸ்கள் எதன் வழியாகவும் செல்வதில்லை. நேராகப் பேட்டரியைச் சேர்கிறது. உள்ளே மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டையோடுகள் உள்ளன. வண்டி நிற்கும்போது மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் தடுப்பவையும் அவையே. (டைனமோ காலத்தில் இக்காவலை ஒரு ரிலே செய்தது, 1960களில் ஆல்டர்னேட்டர் பரவியபோது சிலிக்கான் அதை ஏற்றுக்கொண்டது.) டையோடு சிறிதே கசிந்தால், ஓடும்போது 14.1 வோல்ட் வழக்கம்போல் வரும். நின்றபின் திருட்டு நடக்கும். பேட்டரியின் தொடர்பை நீக்கி, அந்தக் கம்பியைக் கழற்றி நுனியில் டேப் சுற்றி, பாட்டுப் பெட்டியின் ஃபியூஸையும் திரும்பப் போட்டு, மறுபடி மீட்டரை இணைத்தேன். 18 மில்லியாம்பியர்.

தோலிச்சௌக்கியில் ஆல்டர்னேட்டர் மட்டும் பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்று உண்டு. அங்கிருந்த பெரியவரிடம் என் தாளை நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. 320, 18 என்று வாயால் சொன்ன இரண்டு எண்களைக் கேட்டதும், “டையோடு பிளேட், பேட்டா” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார். உதிரியும் கூலியுமாக 1,400 ரூபாய். மேற்பார்வையாளர் என் இயலொன்றை இத்தனை விரைவாக ஏற்றுக்கொண்டதாக நினைவில்லை.

அதன்பின் ஐந்து திங்கட்கிழமைகள் கடந்துவிட்டன. ஐந்திலும் முழு நான்கு மணி நேரம் கிடைத்தது. ஞாயிறு இரவுகளில் மட்டும் கீழே இறங்கி ஒருமுறை அளந்துவிட்டு வருகிறேன். நேற்று 12.5 வோல்ட்.