திரும்பி வந்தானா?

தமிழாசிரியனாக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவ்வாண்டுகளில் நான் பலமுறை கற்பித்த பாடல்களுள் ஒன்று, புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. போர்ப்பறை கேட்ட தாய் ஒருத்தி, தன் ஒரே மகனை அழைத்து, எண்ணெய் தடவித் தலைவாரி, கையில் வேல் கொடுத்துக் களம் நோக்கி அனுப்புகிறாள். இதனைக் கற்பிக்கும்போது என் குரல் தானே உயரும். மறக்குடி மகளின் மாண்பினை வியந்து வியந்து உரைப்பேன்.

ஓராண்டு, பாடம் முடியும் வேளையில், கடைசி வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அந்தப் பையன் திரும்பி வந்தானா?" என்று கேட்டான். வகுப்பு முழுதும் சிரித்தது. "பாடல் அத்துடன் முடிகிறது. பாடலில் இல்லாததைத் தேர்வில் கேட்கமாட்டார்கள். உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வயது 13 இருக்கும். அவன் தேர்வுக்காகக் கேட்கவில்லை என்பதை நான் அறிவேன். விடை தெரியாமையால் அவனை அடக்கினேன் என்பதே உண்மை.

ஓய்வு பெற்ற பின்னர், ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அப்போது அவ்வினா மீண்டும் என்முன் வந்து நின்றது.

உகாண்டாவின் வடபகுதியில் 1987 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொடிய உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. ஜோசப் கோனி என்பவனின் கிளர்ச்சிப் படை, 20,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைக் கவர்ந்து சென்றது. புறப்பாட்டின் சிறுவனைத் தாயே அனுப்பினாள். இங்கோ, தாயின் கண்ணெதிரே பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். வேலும் புகழும் அவர்களுக்கு இல்லை. சுமையும் துப்பாக்கியுமே வாய்த்தன.

1996-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அபோக்கே என்னும் ஊரிலுள்ள பெண்கள் பள்ளி விடுதிக்குள் அப்படை இரவில் புகுந்து, 139 மாணவியரைக் கொண்டுபோயிற்று. துணைத் தலைமையாசிரியையாக இருந்த அருட்சகோதரி ரக்கேலே, ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, காட்டுவழியே அவர்களைத் தொடர்ந்து சென்றார். படைத் தலைவனைக் கண்டு மன்றாடி 109 மாணவியரை மீட்டார். எஞ்சிய 30 பேரை அவன் விடவில்லை. அவர்களுள் சிலர் இறந்தனர். மற்றையோர் பல ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராகத் தப்பி வந்தனர். மாணவன் கேட்ட வினாவுக்கே விடை கூறாத நான், மாணவியரைத் தேடிக் காட்டிற்குள் நடந்த அவ்வாசிரியையை எண்ணித் தலைகுனிந்தேன்.

தப்பி வருதல் வேறு; திரும்பி வருதல் வேறு. கவர்ந்து சென்ற பிள்ளைகள் சிலரை, அவர்தம் உறவினரையும் ஊராரையுமே துன்புறுத்துமாறு அப்படையினர் வற்புறுத்தினர். அப்படிச் செய்தவனுக்கு ஊர் முகத்தில் விழிக்கும் துணிவு வராது. ஊராரும் அவனை ஏற்கமாட்டார்கள். வீட்டிற்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால், காவல் வேண்டியதில்லை அல்லவா?

அடைபட்ட அவ்வழியை எவ்வாறு திறப்பது? கிளர்ச்சியைக் கைவிட்டு வருவோரை மன்னிக்கும் சட்டத்தை அந்நாட்டு அரசு 2000-ஆம் ஆண்டில் இயற்றியது. எனினும், சட்டத்தின் மன்னிப்பு ஊர் எல்லை வரையில்தான் வரும். அதற்கு அப்பால் ஊரார் மனம் இசைய வேண்டும்.

அங்கு வாழும் அச்சோலி மக்களிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. நெடுநாள் பிரிந்திருந்தவர் மீளும்போது வாயிலில் ஒரு முட்டையை வைப்பர். அதனுடன் ஒபோபோ என்னும் மரத்தின் வழவழப்பான கிளையையும், தானியக் குதிரின் மூடியைத் திறக்கும் கவைக்கோலையும் வைப்பர். வருபவர் முட்டையை மிதித்து உள்ளே வரவேண்டும். முட்டை தூய்மைக்கு அறிகுறி. கிளை அழுக்கு நீங்குவதற்கு அறிகுறி. கோலோ, 'இவ்வீட்டு உணவில் உனக்கும் பங்கு உண்டு' என்பதற்கு அறிகுறி. போரிலிருந்து மீண்ட பிள்ளைகளையும் அம்மக்கள் இவ்வாறே வரவேற்றனர்.

முட்டையை மிதித்தவுடன் துயரமெல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரவில் அலறி எழுந்த பிள்ளைகள் உண்டு. படிப்பை இழந்தவர்க்குப் பள்ளியும், வளர்ந்துவிட்டவர்க்குத் தையலும் தச்சும் போன்ற தொழில்களும் வேண்டியிருந்தன. காட்டிலே தாயாகிக் கைக்குழந்தையுடன் வந்த பெண்களைச் சிலர் வசைபாடினர். ஒன்றுமறியாத அக்குழந்தைகளையும் விடவில்லை. குதிரின் கோலை வாயிலில் வைப்பது எளிது. நாள்தோறும் குதிரைத் திறந்து உணவளிப்பதே அரிது.

திரும்பி வரும் வழி தவறிய ஒருவனின் வரலாறும் உண்டு. டொமினிக் ஓங்வென் என்பவன் ஏறத்தாழ 9 வயதில், பள்ளிக்குச் செல்லும் வழியில் பிடிபட்டான். அப்படையிலேயே வளர்ந்து அதன் தளபதிகளுள் ஒருவனானான். தன்னைப் போன்ற சிறுவர்களைப் பிறர் வீட்டிலிருந்து கவர்ந்தான். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் அவனுக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவன் இளமையில் பட்ட துன்பத்தை நீதிபதிகள் கருதினர். அதற்காகத் தண்டனையைக் குறைத்தனர். குற்றத்தை இல்லையென்று கூறவில்லை. பள்ளிப் பையை இழந்த குழந்தைக்காக இரங்குவதா, அவன் கையால் துன்புற்றோர்க்காக இரங்குவதா? இருவர்க்கும் இரங்கவேண்டும் என்றே என் நெஞ்சம் கூறுகின்றது.

மாணவச் செல்வங்களே! மாசாத்தியாரின் பாடலை இன்றும் நான் போற்றுகிறேன். ஆயினும் அதனைக் கற்பிக்கும்போது, களம் நோக்கிச் சென்ற சிறுவனின் முதுகை மட்டுமே உங்கள் முன்னோர்க்குக் காட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கச் சொன்னவன் அந்தக் கடைசி வரிசை மாணவன் ஒருவனே. அவன் இன்று எங்கிருக்கின்றானோ, அறியேன். மீண்டும் அவன் எழுந்து கேட்பானாயின், உட்காரச் சொல்லமாட்டேன். "தம்பி, நல்ல வினா கேட்டாய். அவன் நடந்து வந்தால் மட்டும் போதாது. வாயிலில் நிற்பவர்கள் வழிவிட்டு, 'வா, சாப்பிடு' என்று சொல்லவேண்டும். அப்போதுதான் அவன் திரும்பி வந்தவன் ஆவான்" என்பேன்.