மதகில்லாத ஏரி

தொல்காப்பியர் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தார். பின்பனியைப் பாலைக்கு உரியதாக்கினார். அந்தக் கணக்கின்படி மாசி மாதக் கடைசியில் குடும்பத்தோடு மலையேறுவது பொழுது மயங்கிய செயல்தான். ஆனால் கோடை விடுமுறையின் நெரிசலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு வேறு காலம் வாய்ப்பதில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, விழுப்புரத்தில் இரவு ரயில் ஏறி, விடியலில் கொடைரோட்டில் இறங்கினோம். நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எழுபதைக் கடந்த அம்மா.

மலையில் பனி விலகும் பருவம். காலையில் ஏரியின் மேல் ஆவி மிதந்தது; வீட்டுத் தோட்டங்களில் பேரி மரங்கள் இலைக்கு முன்பே பூத்து நின்றன. மகள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். அம்மா கரையோரச் சாலையில் சற்று தூரம் நடந்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு கேட்டார்:

"ஏம்பா, இந்த ஏரிக்கு மதகு எங்க இருக்கு? எத்தனை காணி பாயுது?"

பாய்ச்சலுக்கான ஏரி அன்று இது என்று சொன்னேன். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863இல் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. ஏறத்தாழ அறுபது ஏக்கர். படகு விடுவதற்கும் உலாவுவதற்கும் உரியது. 1820களில் சல்லிவன் உருவாக்கிய உதகை ஏரியும் இவ்வாறு ஓடைகளைத் தடுத்து அமைந்ததே. வெப்பத்துக்கு அஞ்சி மலையேறிய வெள்ளைக்காரர்கள் தம் ஊர் நினைவுக்கு ஏற்றபடி ஒரு நிலக்காட்சியைச் சமைத்துக்கொண்டார்கள். இயற்கை என்று நாம் வியந்து நிற்பதில் பாதி அவர்களுடைய ஏக்கம்.

அம்மாவுக்கு இந்த வரலாறு பெரிதாகப் படவில்லை. "தண்ணி சும்மாவா கெடக்குது?" என்றார். அவர் கண்டமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஏரி என்பது முறைவைத்துத் திறக்கும் மதகு. கரை உடையுமோ என்று ஆண்கள் மண்வெட்டியோடு காத்திருக்கும் ஐப்பசி இரவு. நிறைந்தால் இரண்டு போகம், நிறையாவிட்டால் கடன். பார்ப்பதற்காக மட்டும் ஓர் ஏரி இருக்கக்கூடும் என்பது அவர் அகராதியில் இல்லை.

மறுநாள் இறங்கும் வழியில் வெள்ளி அருவியருகே வண்டி நின்றது. நூற்றெண்பது அடி உயரத்திலிருந்து விழும் அந்த நீர், மேலே பார்த்த ஏரி நிறைந்து வழிவதுதான் என்றேன். அம்மாவின் முகம் தெளிந்தது. பேத்தியைத் தொட்டுக் காட்டினார்: "பாரு, கோடி போவுது."

"கோடின்னா என்ன ஆயா?" என்றாள் அவள்.

அந்தக் கேள்விதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மதகு, தூம்பு, கலங்கல், உள்வாய், ஆயக்கட்டு: இவற்றை நான் வகுப்பில் அருஞ்சொற்பொருளாகச் சொல்லித் தருகிறேன். அம்மாவுக்கு அவை சொற்கள் அல்ல, வேலைகள். எங்களுக்குப் பக்கத்தில், தமிழகத்திலும் புதுச்சேரியிலுமாகப் பரந்து கிடக்கும் ஊசுட்டேரி ஏறத்தாழ எண்ணூறு ஹெக்டேர். கொடைக்கானல் ஏரியைப் போல் முப்பது மடங்குக்கும் மேல். 2008இல் புதுச்சேரியும் 2015இல் தமிழகமும் தத்தம் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. பறவைகளுக்குக் கிடைத்த அந்தக் காப்பு நல்லதே. ஆனால் ஏரிப் பாசனத்து வயல்கள் மனைப்பிரிவுகளாகும்போது, ஏரியைத் தன்னுடையது என்று நினைத்து வாய்க்கால் தூர் வாரும் கைகளும் குறைகின்றன. மதகு துருப்பிடித்தால் கேட்க ஆளில்லாத ஏரி, கரையில் எத்தனை அறிவிப்புப் பலகை நட்டாலும், மெல்ல வெறும் காட்சியாகிவிடும். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் மலையில் விரும்பிச் செய்யப்பட்டது, சமவெளியில் நம் கவனக்குறைவால் தானாக நிகழ்ந்துவருகிறது.

பங்குனி முடிந்து வெயில் ஏறினால் வலசை வந்த பறவைகள் போய்விடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசுட்டேரிக் கரைக்குப் போகலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இம்முறை வழிகாட்டி அம்மா.